பிழையை யாரிடம் மறைப்பது? கெடாத் தோட்டங்கள் தரும் விடை

மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஓர் இணையத்தளம் பழுதானால், அந்தப் பழுதின் உள்விவரங்களைப் பார்வையாளரின் திரையில் கொட்டக்கூடாது. தளம் அமைப்போர் தொடக்கத்திலேயே கற்கும் விதி இது. எந்தக் கோப்பின் எந்த வரி தவறியது, தரவுத்தளத்தின் பெயர் என்ன, எந்தப் பதிப்பு மென்பொருள் ஓடுகிறது என்பவை தளத்துக்கு வந்தவருக்கு எதையும் விளக்குவதில்லை. தளத்தை உடைக்க வந்தவனுக்கோ வழிகாட்டுகின்றன. இணையப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2004இல் வெளியிட்ட பத்துப் பெரும் ஆபத்துகளின் பட்டியலில், பிழைகளை முறையின்றிக் கையாளுவதும் ஓர் ஆபத்தாக இடம்பெற்றது. பிஎச்பி போன்ற மொழிகளில் இதற்கென இரண்டு அமைப்புகள் உள்ளன. ஒன்று பிழையைத் திரையில் காட்டுவதை நிறுத்தும். மற்றது அதே பிழையைப் பதிவுக் கோப்பில் எழுதச் செய்யும். இரண்டும் சேர்ந்ததே விதி. ஆனால் பலர் முதல் பாதியை நிறைவேற்றியதோடு கடமை முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். திரை சுத்தமாக இருக்கிறது. பதிவுக் கோப்பைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. பணம் கட்டியும் ரசீது வராதவருக்கு என்ன நடந்தது என்று சொல்வாரும் இல்லை. முதல் பாதி மட்டும் தனித்து நின்றால் என்ன விளையும் என்பதைக் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே கெடா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் காட்டிவிட்டன. கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டு, தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் கணினித் துறைகளில் நுழைந்துவிட்ட இக்காலத்தில், அந்த வரலாற்றை இந்தக் கோணத்தில் படிப்பது நமக்குப் பயன் தரும்.

1909ஆம் ஆண்டின் ஆங்கிலோ-சயாம் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் சேராமல், சுல்தானின் ஆட்சியும் பிரிட்டிஷ் ஆலோசகரும் இணைந்த தனி அமைப்பாக அது நீடித்தது. 1915இல் ரயில் அலோர் ஸ்டாரை எட்டியது. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ், கோலா கெட்டில் வட்டாரங்களில் காடு அழிந்து பால்மரங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர், கங்காணிகளின் பின்னால் இந்தத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடம் ஒரு தனி உலகம். தொழிலாளர் குடியிருப்பான லயமும் கடையும், மருந்தகமும் பள்ளியும், கோயிலும் கள்ளுக்கடையும் எல்லாம் தோட்ட எல்லைக்குள் இருந்தன. நிலம் கம்பெனியின் தனிச் சொத்து. அதனுள் வருவதற்கு வெளியாருக்குத் தோட்ட மேலாளரான துரையின் இசைவு வேண்டும். வந்தவர் காண்பதெல்லாம் நேர்கோட்டில் நிற்கும் மரங்கள், வெள்ளையடித்த லயம், துரையின் மாடி பங்களா. ஒரு தோட்டத்தில் எங்கே எது பழுது என்பதை அதன் முகப்பு ஒருநாளும் சொன்னதில்லை.

தோட்டத்துக்குள் எழுத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தொடங்கும் நாள், தோட்ட எழுத்தரான கிராணியின் பதிவேட்டில் முடியும். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, எவருக்கு முழுக்கூலி, எவருக்கு அரைக்கூலி, அரிசிக்குக் கழிக்க வேண்டியது எவ்வளவு, மருந்தகத்தில் சேர்ந்தவர் யார், பிறந்த பிள்ளை எது, இறந்தவர் யார் என்று யாவும் எழுதப்பட்டன. 1923ஆம் ஆண்டின் கூட்டு மலாய் மாநிலத் தொழில் சட்டமும், அதையொட்டிக் கெடா முதலிய மாநிலங்கள் வகுத்த சட்டங்களும் இத்தகைய பதிவுகளைத் தோட்ட நிர்வாகங்களின் கடமையாக்கின. ஆகவே பிழைகளைப் பதிவு செய்யாத அமைப்பு என்று தோட்டத்தைக் குறைசொல்ல இயலாது. அந்தப் பதிவு யாருடைய கண்ணுக்காக எழுதப்பட்டது என்பதில்தான் கோளாறு. ஏடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. எழுதியவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்த, ஆங்கிலம் படித்த கிராணி. அவருக்கு மேலே துரை, துரைக்கு மேலே பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருந்த முகவர் நிறுவனம், அதற்கும் மேலே பல தோட்டங்களின் விஷயத்தில் லண்டன் பங்குதாரர்கள். தகவல் மேலே போகும் வழி ஒன்றே இருந்தது. பால்மரம் சீவியவருக்குக் கீழே வந்தது சம்பள நாளில் கையில் விழும் தொகை மட்டுமே. தொகை குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டிய ஆளும் அந்தக் கிராணியேதான். பார்வையாளரிடமிருந்து விவரத்தை மறைத்த அதே சுவர், விவரத்துக்கு உரியவரிடமிருந்தும் அதை மறைத்தது.

பதிவை உரியவர்கள் படித்தபோது என்ன நடந்தது என்பதற்கு மலாயாவிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத் தமிழரை அதிகம் கொன்றது மலேரியா. 1911இல் கூட்டு மலாய் மாநிலத் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே ஆண்டில் இறந்தனர். கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், இறப்புகளையும் காய்ச்சல் கணக்குகளையும் இடவாரியாகத் திரட்டி, எந்த நிலத்தில் எந்தக் கொசு பெருகுகிறது என்று பிரித்துக் காட்டி, அதே ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். ஒரு தோட்டத்தின் எண்ணிக்கையை மற்றொன்றின் எண்ணிக்கையோடு ஒப்பிட முடிந்ததும், இறப்பு என்பது தலைவிதி என்ற பேச்சு எடுபடவில்லை. வடிகால் வெட்டினார்கள், நீர்நிலைகளில் எண்ணெய் தெளித்தார்கள், லயங்களை இடம் மாற்றினார்கள். 1930களில் இறப்பு விகிதம் பழைய அளவின் சிறு பங்காகச் சுருங்கியது. அந்தச் சரிவு முழுவதும் மருத்துவத்தின் வெற்றி அன்று; பெருமந்த ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது நலிந்தோரும் முதியோரும் கணக்கிலிருந்தே நீங்கினார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் செய்தி தெளிவாகவே இருக்கிறது. எழுதப்பட்ட பிழையைத் திருத்தும் அறிவும் அதிகாரமும் உடையவர் படித்தார், திருத்தம் நிகழ்ந்தது. தொழிலாளர் சாவதால் முதலாளிக்கும் நட்டம் என்பதால் இந்தப் பதிவு படிக்கப்பட்டது. முதலாளிக்கு நட்டம் தராத பிழைகளுக்கு அந்த நல்வாய்ப்பு கிடைக்கவில்லை.

அத்தகைய பிழைகளைக் காண்பதற்கென்றே வெளியிலிருந்து ஒரு கண் அமர்த்தப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் இருந்து தோட்டங்களுக்குச் சென்று ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். குறை கண்டால் தொழில் துறைக்கு எழுதலாம். உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1936ஆம் ஆண்டு இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து, அடுத்த ஆண்டு தம் அறிக்கையை அளித்தார். பெருமந்தத்தில் வெட்டப்பட்ட கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய அளவுக்கு மீட்க வேண்டும் என்றும், கங்காணி வழி ஆள்சேர்ப்பு தேவையில்லை என்றும் அவர் பரிந்துரைத்தார். ஆனால் தோட்ட வாழ்க்கையைப் பற்றி அவர் தீட்டிய சித்திரம் மிகச் சாதகமாக இருந்தது என்று மலாயா இந்தியரில் பலர் மனம் குமைந்தார்கள். இந்த வேறுபாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கூலி எண்ணாக எழுதப்பட்டிருந்தது. அதன் வீழ்ச்சியை எந்த விருந்தினரும் ஏட்டிலேயே கண்டுகொள்ளலாம். அவமதிப்பும் அச்சமும் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. ஆகவே சில வாரங்கள் சுற்றிப்பார்த்தவருக்கு அவை அவ்வளவாகப் புலப்படவில்லை. சாஸ்திரியின் நேர்மையை ஐயுறாமலே இதைச் சொல்லலாம். முகப்பை மட்டும் காண வந்தவரைக் கொண்டு உள்ளே உள்ள பழுதைக் கண்டறிய முயல்வது, முறையாலேயே தோற்கும் முயற்சி.

எழுதப்படாத அந்தப் பத்தியைத் தொழிலாளர்களே எழுதிய ஆண்டு 1941. சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலானோரின் வழிகாட்டலில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு வேறு சிலவும் இருந்தன. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வர வேண்டும். துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பெண்கள் மீதான அத்துமீறல் நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். குறை சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது. முதலும் கடைசியுமான கோரிக்கைகளைச் சேர்த்துப் படித்தால் தோட்ட ஆட்சியின் அமைப்பே வெளிப்படுகிறது. வெளியார் உள்ளே வரக்கூடாது. உள்ளிருப்பவர் குறை சொல்லக்கூடாது. பழுதைக் காட்டும் இரண்டு வழிகளும் அடைக்கப்பட்டிருந்தன. அரசு படையை அனுப்பியது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டின் இறுதியில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்தது.

அடுத்து வந்த இரண்டு ஆண்டுகள், பதிவே இல்லாத நிலை எப்படிப்பட்டது என்பதைக் காட்டின. 1942க்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டார்கள். கெடாத் தோட்டங்களும் ஆட்களை இழந்தன. அதே பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தனர். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கைதிகளின் அதிகாரிகளும் மருத்துவர்களும் உயிரைப் பணயம் வைத்துப் பெயர், நாள், நோய், புதைத்த இடம் ஆகியவற்றைக் குறித்து ஒளித்துவைத்தார்கள். அதனால் இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் முறையான கல்லறைகளில் துயில்கிறார்கள். அவர்களுள் மிகப் பலரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மரண ரயில் எனப்பட்ட அந்தப் பாதையில் மடிந்த தமிழருக்கு அப்படியொரு பெயர்ப்பட்டியல் கிடையாது. எத்தனை பேர் என்பதே இன்றுவரை மதிப்பீடாக நிற்கிறது. எழுதிவைக்கப்படாத கொடுமைக்குக் கணக்குக் கேட்கவும் வழியில்லை, ஈடு கேட்கவும் வழியில்லை. பதிவேடு வெறும் அலுவலகத் தாள் என்று எண்ணுவோர் இந்த இரண்டு கூட்டத்தாரின் மரணத்துக்குப் பின் நேர்ந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

போர் முடிந்து துரைமார் திரும்பியபோது தொழிலாளர் பழைய ஆட்களாக இல்லை. இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைக் கண்டவர்களும் அதில் நடந்தவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். 1946இல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவாகி, மத்திய, தெற்குக் கெடாத் தோட்டங்களில் பரவியது. குடியை ஒழிப்பதே அதன் முதல் முழக்கம். கள்ளுக்கடைகளை மறித்து நின்றார்கள். குடித்தவரைத் தாங்களே தண்டிக்கவும் செய்தார்கள். 1947இன் தொடக்க மாதங்களில் பீடோங் வட்டாரத்திலும் டப்ளின் தோட்டத்திலும் போலீசாரோடு மோதல்கள் மூண்டு உயிரிழப்பு நேர்ந்தது. சாமியும் தோழர்களும் சிறைக்குச் சென்றனர். நிர்வாகங்கள் இதைக் கலகக்காரர்களின் மிரட்டல் என்று விளக்கின. தொண்டர் படை வன்முறையைக் கையாண்டது உண்மை. அதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் கள்ளுக்கடை பற்றிய முறையீடு 1947இல் திடீரென்று முளைத்ததா என்று கேட்க வேண்டும். 1941 கோரிக்கைப் பட்டியலிலேயே அது இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தாளில் எழுதித் தரப்பட்ட குறையை எவரும் தீர்க்காமல் விட்டதனால்தான் அது தெருவில் வந்து நின்றது.

இங்கே தோட்ட நிர்வாகத்தின் பக்கத்து நியாயம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஒரு நிறுவனம் தன் குறைகளை வருவோர் போவோர்க்கெல்லாம் விரித்துவைக்கக் கடமைப்பட்டதில்லை. குறையை ஊதிப் பெருக்கி ஆதாயம் தேடுவோர் எக்காலத்திலும் உண்டு. தளத்தை உடைக்க வருபவனுக்குக் கோப்பின் முகவரியைத் தரக்கூடாது என்பது சரியானால், கலகம் மூட்ட வருபவனுக்கும் உள்விவரம் தரக்கூடாது என்பதும் சரிதானே? கருத்து வலுவுள்ளதே. தொழிலாளியின் நோய் விவரமும் கடன் கணக்கும் ஊராருக்குத் தெரிய வேண்டியவை அல்ல என்பதால் மறைத்தல் அவருக்கே காப்பாகவும் அமையலாம். ஆனால் இந்த நியாயம் அந்நியரிடம் மறைப்பதை மட்டுமே தாங்கும். அரைக்கூலி பெற்றவர் அந்நியர் அல்லர். அந்தப் பிழையின் பளு அவர் தலைமேல்தான் இறங்கியது. அவரிடமும் மறைத்தபோது, பாதுகாப்பு என்ற காரணம் தன் வேலையை விட்டுவிட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வேலைக்குப் போய்விட்டது. தொழில் துறை, முகவர், ஆண்டறிக்கை என்று மேற்பார்வை இருந்ததே என்றும் சொல்லலாம். இருந்தது. அவர்கள் பார்த்ததும் எழுதியதும் அதே நிர்வாகம் வைத்திருந்த ஏட்டிலிருந்து; முறையிடுபவர் மறுநாளும் அதே பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவர். பாதிக்கப்பட்டவர் அஞ்சாமல் பேசக்கூடிய வழி இல்லாத இடத்தில் எத்தனை மேற்பார்வையாளர் வந்தாலும் பதிவேட்டில் எழுதாததைக் காணமாட்டார்கள்.

தோட்டம் வேறு, கணினி வேறு, இந்த ஒப்பீடு மிகையானது என்பார்க்கு இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் நடந்தது விடை சொல்லும். புஜித்சு நிறுவனம் உருவாக்கிய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் 1999 முதல் அங்குள்ள கிளை அஞ்சலகங்களில் வைக்கப்பட்டது. மென்பொருளின் கோளாறால் கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியது. அஞ்சலகம் நடத்தியவர்கள் திரையில் கண்டது குறைந்த தொகை மட்டுமே. எதனால் குறைந்தது என்ற விவரம் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. தெரிந்த கோளாறுகளின் பதிவேடு ஒன்று புஜித்சுவிடம் இருந்தது. அது குற்றம் சாட்டப்பட்டவர்களின் கைக்கு நெடுங்காலம் எட்டவில்லை. 1999க்கும் 2015க்கும் இடையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் பலர். 2019 டிசம்பரில் வெளியான உயர்நீதிமன்றத் தீர்ப்பு கோளாறு மென்பொருளில்தான் என்று உறுதிசெய்தது. அந்தப் பதிவேட்டை வழக்கில் வெளிக்கொணர்ந்த பிறகே அது இயன்றது. கெடாத் தோட்டத்துக் கிராணியின் ஏடும் புஜித்சுவின் பதிவேடும் செய்த வேலை ஒன்றே. பிழை எழுதப்பட்டது, மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது, அதன் விலையைக் கொடுத்தவருக்குத் தெரியாமல் வைக்கப்பட்டது.

எஞ்சியிருப்பது ஒரே ஓர் எதிர்வாதம். நுட்ப விவரம் பாமரருக்குப் புரியாது, சொல்லிப் பயனில்லை என்பது அது. புரியும்படி சொல்ல முடியும் என்பதை மலேசியாவே மெய்ப்பித்திருக்கிறது. நஞ்சு தெளிப்பதைப் போன்ற நுட்பமும் ஆபத்தும் நிறைந்த வேலைக்குரிய எச்சரிக்கைகளைப் பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் அச்சிட விதி செய்தவர்கள், அதைப் படிக்கப்போகிறவர் தோட்டத்துப் பெண் என்று தெரிந்தே செய்தார்கள். தெளிப்பு வேலையால் உடல் கெட்ட பெண்களின் அனுபவங்களைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் தொகுத்து வெளியிட்டது. அவர்கள் சொன்ன அறிகுறிகள் மருத்துவருக்குப் பயன்படும் சான்றுகளாக இருந்தன. பாரகுவாட் களைக்கொல்லி 2020இல் மலேசியாவில் தடை செய்யப்பட்டதற்கு இத்தகைய குரல்களும் காரணம். தோட்டக் கணக்கைப் படிக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்த முன்மாதிரியும் கெடாவிலேயே உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் சிறு தவணைகளில் கட்டிய பங்குப் பணத்தில் அச்சங்கம் முதன்முதலாக வாங்கியது கூலிம் வட்டாரத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தை. கிராணியின் ஏட்டில் வெறும் பெயராக இருந்தவர், சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வரவுசெலவு கேட்கும் பங்குதாரர் ஆனார். கூட்டுறவில் பின்னர் எழுந்த குறைகள் எவையாயினும், பதிவேட்டின் மீது அவருக்கு உரிமை பிறந்தது பெரிய மாற்றம்.

ஆகவே பிழையை மறைக்கலாமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தேடுவது பயனற்றது. வேடிக்கை பார்க்க வருபவரிடம் மறைக்கலாம். தீங்கு செய்ய வருபவரிடம் மறைத்தே ஆக வேண்டும். பதிவேட்டில் மறைக்கக்கூடாது. பாதிக்கப்பட்டவரிடம் எந்த நிலையிலும் மறைக்கக்கூடாது. இன்று கெடாவில் தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் கூட்டுறவுக்கும் கடைக்கும் தளம் அமைக்கும் இளைஞர், நுட்பப் பிழையைத் திரையிலிருந்து நீக்கும் அதே நாளில் மூன்று கடமைகளையும் செய்ய வேண்டும். பிழை முழுவதும் நேரத்தோடும் விவரத்தோடும் பதிவாக வேண்டும். அதைப் படித்துத் திருத்த வேண்டியவர் இன்னார் என்று பெயர் குறிக்க வேண்டும். பழுதில் சிக்கியவருக்கு நடந்தது என்ன, கட்டிய பணம் பாதுகாப்பாக உள்ளதா, எந்தக் குறிப்பெண்ணைச் சொல்லி யாரைக் கேட்பது என்று எளிய தமிழிலும் மலாயிலும் சொல்ல வேண்டும். இவற்றுக்கு மேலதிகச் செலவு மிகக் குறைவு. இவற்றைச் செய்யாமல் வெறும் வருத்தச் செய்தியோடு நின்றுவிடும் தளம், பார்க்க எவ்வளவு பண்பாகத் தோன்றினாலும், பயனரைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நம் பாட்டன் பாட்டிமாருக்குக் காட்டப்படாத ஏடுகளின் வரலாற்றை அறிந்த சமூகம், தான் எழுதும் ஏடுகளை உரியவருக்குத் திறந்துவைக்கக் கடமைப்பட்டது.